மூக்கு சொன்ன பொய்

செண்ட் மூக்கை நீட்டிக்கொண்டுதான் பட்டறைக்குள் நுழைந்தான். அதற்குத்தான் அவனுக்குச் சம்பளம்.

பத்து வருடம் வாசனைத் திரவியக் கடையில் குப்பி குப்பியாக முகர்ந்து வியாபாரம் செய்தவன். அவனுக்கும் ஒரு நல்ல பெயர் உண்டு. பெற்றவர்களைத் தவிர யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை; மற்ற எல்லாருக்கும் அவன் செண்ட்தான். மேடம் அவனைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டதற்குக் காரணம், அவருக்கு வாசனையே தெரியாது. தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த காலத்தில் ஏதோ ஒரு அமிலக் கிடங்கில் மூக்கைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர். வேலையை விட்டு, துப்பறியத் தொடங்கி, ஊரில் பாதிப் பேரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ரோஜாவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான்.

"என்ன வருது?" என்றார் மேடம்.

"இனிப்பா ஒரு வாசனை மேடம். ரொம்ப லேசா. பழைய காதலி ஞாபகம் மாதிரி. இருக்கு, ஆனா தொந்தரவு இல்ல."

"தொந்தரவு வந்தா சொல்லு."

பழைய கதவு, ஜன்னல், நாற்காலிகளில் இருந்து பெயிண்ட்டை உரித்துக் கொடுக்கிற பட்டறை அது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. ஒரு கதவு முழுசாகப் படுக்கும் அளவு நீளம். அதில் உரிப்புத் திரவம். ஆட்கள் அதை மருந்து என்றார்கள். பெயிண்ட் அடித்த மரத்தை அதில் முக்கினால் வருடக்கணக்கான பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். மூன்று பேர் மேஜைகளில் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். தொட்டி அருகில் மட்டும் ஆள் இல்லை.

அங்கே நிற்க வேண்டியவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். முந்தாநாள் பிற்பகல் தொட்டி விளிம்பில் தலை சாய்ந்து விழுந்திருக்கிறார். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, மூடிய அறையில் ஓடுகிற வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் ரத்தம் மாதிரி இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு, அதாவது புகை வாயு ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். பட்டறைக்குள் அடுப்பும் இல்லை, இன்ஜினும் இல்லை. ஆனால் பின் ஜன்னலுக்கு வெளியே அந்த நேரத்தில் ஒரு வேன் இன்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. ஓட்டுநர் வேறு யாருமில்லை, விழுந்தவரின் மச்சான். அன்று காலைதான் இருவரும் எல்லார் முன்னாலும் கத்திச் சண்டை போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு அந்த மனிதர், "என் வண்டிதாங்க. நான்தான் அணைக்கல" என்று தானாகவே ஒத்துக்கொண்டு லாக்கப்பில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டருக்கு வழக்கு முடிந்துவிட்டது. பிற்பகல் கோர்ட்டில் நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

முடியாதது ஒருத்திக்கு மட்டும். அவள் இதே பட்டறையில் உரித்த மரங்களைக் கழுவுகிறவள். விழுந்தவரின் மனைவி. ஓட்டுநரின் தங்கை. காலையில் மேடம் வீட்டு வாசலில் வந்து நின்று அவள் கேட்டது செண்ட்டின் காதில் இன்னும் இருந்தது.

"கட்டினவரு சாகக் கிடக்குறாரு. கூடப் பொறந்தவன் ஜெயிலுக்குப் போறான். நான் யாருக்குன்னுங்க அழுறது?"

அதற்கு அவனிடம் நகைச்சுவை ஏதும் இல்லை. அவனுக்கே அது புதிதாக இருந்தது.

"சாப்பாட்டு நேரம் முடிஞ்சு கொஞ்ச நேரம் வரைக்கும் பொறுக்கிறேன் மேடம்," என்றார் இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. "அதுவும் உங்க முகத்துக்காக. அப்புறம் நான் கிளம்பணும்."

பட்டறை மேனேஜர் ஒரு கோப்போடு ஓடிவந்தார். கசங்காத சட்டை, கசங்கிய முகம்.

"எங்க காத்துல ஒரு குறையும் இல்லீங்க. நிபுணர் ஒருத்தரை வரவெச்சு பார்த்தாச்சு. தொட்டிக்காரர் காலர்லயே ஒரு சின்ன பம்பை மாட்டி, நாள் முழுக்க அவர் சுவாசிக்கிற காத்தைப் பிடிச்சு சோதிச்சாங்க. ஆபத்தான அளவுல கால்வாசி கூட இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

"பொய் ரிப்போர்ட்டா இருக்கும் மேடம்," என்று செண்ட் முணுமுணுத்தான். "ஆளைப் பார்த்தாலே தெரியுது. இவரு எடை மெஷின்லயே ஒத்தைக் கால்ல நிக்கிற ஆளு."

"சும்மா இருய்யா." மேடம் அந்தக் காகிதத்தைப் புரட்டினார். "இந்த நிபுணரைத் தெரியும் எனக்கு. காசுக்கு எழுதறவர் இல்ல. ரிப்போர்ட் நிஜம்தான்."

தொட்டியின் பின் விளிம்பு நெடுக ஒரு தகரப் பெட்டி ஓடியது. அதில் விரல் நுழைகிற அளவுக்குக் கிடைமட்டமாக ஒரு நீண்ட பிளவு. மேலே குழாய், கூரைக்கு வெளியே விசிறி. மருந்தில் இருந்து எழும் ஆவியை ஆளின் முகத்துக்கு வரவிடாமல் பின்பக்கமாகவே இழுத்துப் போகிற ஏற்பாடு. மேடம் கைப்பையில் இருந்து ஒரு டிஷ்யூ காகிதத்தை எடுத்துப் பிளவருகே நீட்டினார். காகிதம் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பார்த்தீங்களா? நல்லா இழுக்குது," என்றார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் தலையில் வைத்தார். மூலையில் நின்ற அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பவே செண்ட்டுக்குத் தைரியம் வரவில்லை.

மேடம் மட்டும் அவளிடம் போனார். "உன் வீட்டுக்காரருக்கு இதுக்கு முன்னாடி ஏதாவது உடம்புக்கு வந்துச்சாம்மா?"

"தலைவலிங்க. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாரு. சில நாள் பேச்சு குழறும். குடிச்சிருக்கியான்னு கேட்டு நானே சண்டை போட்டிருக்கேன். பாவம், அவரு தொடவே மாட்டாரு."

"காலையில?"

"காலையில நல்லாத்தான் வருவாரு. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் பாட்டு கூடப் பாடுவாரு. ஞாயித்துக்கிழமை ஒண்ணுமே இருக்காது."

"உங்க அண்ணன் வண்டியை எடுத்துக்கிட்டு வெளியூர் போன நாள்ல?"

அவள் யோசித்தாள். "அப்பவும் வலிதாங்க."

மேடம் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். "வண்டியே ஊர்ல இல்லாதப்ப வண்டிப் புகை எப்படி சார் வரும்? இன்னொண்ணு. முந்தாநாள் அந்த டிரைவர் எங்கே இருந்தார்?"

"வண்டிக்குள்ளதான். சீட்டுல சாய்ஞ்சு தூங்கிட்டு இருந்தாரு."

"அடுத்தவனுக்குப் புகை போடறவன், அதே புகைக்கு நடுவுல காலை நீட்டித் தூங்குவானா? அவருக்கு ஒரு தும்மல்கூட வரல."

"அதெல்லாம் வக்கீல் கேக்க வேண்டிய கேள்வி மேடம். வண்டி இல்லன்னா வேற என்ன? அதைக் காட்டுங்க."

இன்ஸ்பெக்டர் சொன்னதும் நியாயம்தான். மேடம் தரையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம் திரும்பினார்.

"என்ன இது, ஒரு சிராய்த்தூள்கூடக் காணோம்? இது பட்டறையா, பொண்ணு பார்க்க வர்ற வீடா?"

மேனேஜருக்குப் பெருமை பிடிபடவில்லை. "போலீஸ் வர்றாங்கன்னா நாலு பேரு பார்க்கிற மாதிரி இருக்க வேணாமா? காலையிலேயே எல்லாத்தையும் ஒதுங்க வெச்சுட்டோம். அந்த நிபுணர் வந்தப்பவும் அப்படித்தான். கண்ணுல படுற சாமான் ஒண்ணு இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அரிசியில் கல்லைக் கண்ட பார்வை ஒன்று மேடத்திடம் உண்டு. இப்போது அது வந்தது. செண்ட் நிமிர்ந்து நின்றான்.

"அப்போ அவர் சோதிச்சது உங்க பட்டறையை இல்ல," என்றார் மேடம் மெதுவாக. "விருந்தாளிக்காகக் கூட்டிப் பெருக்கி வெச்ச ஒரு நாளை. இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. நாங்க யாரும் இங்க வரல. போலீஸும் இல்ல. தினமும் என்ன செய்வீங்களோ, எதை எங்க போடுவீங்களோ, அப்படியே செய்யுங்க. ஒருத்தரும் எதையும் ஒளிக்கக் கூடாது."

"தொட்டிக்கிட்ட யாரு நிக்கிறது?" என்றார் மேனேஜர்.

எல்லாரும் செண்ட்டைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும்," என்றான் அவன். "ஓசிச் சாப்பாடுன்னு சொல்லி கூட்டிட்டு வந்தப்பவே தெரியும்."

சுவரில் தொங்கிய நீளக் கயிறு ஒன்றை எடுத்து மேடம் அவன் இடுப்பில் கட்டினார். மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"அவர் எப்படிக் குனிஞ்சு வேலை செய்வாரோ அப்படிக் குனி. கையை உள்ள விடாதே. பேசிக்கிட்டே இரு. வாயை மூடவே கூடாது."

"வாழ்க்கையில முதல் தடவையா இப்படி ஒரு உத்தரவு மேடம்."

"எனக்கு மூக்கு இல்ல. உன் பேச்சுதான் எனக்கு மீட்டர். அது தடுமாறினா இழுத்துடுவேன்."

சாப்பாட்டு மணி அடித்தது. ஆட்கள் கையுறைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். திரும்பி வந்தார்கள். தெருத் தூசி வருகிறதென்று ஒருவர் கதவைச் சாத்தினார். இன்னொருவர் ரேடியோவைத் திருகினார். அந்தப் பெண் அவர்கள் கழற்றிப் போட்ட கையுறைகளை வாளியில் அலசி உதறிக் காயப்போட்டாள். கையுறைப் பெட்டியில் இருந்து வேறு ஜோடிகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தாள். செண்ட்டுக்கும் ஒரு ஜோடி வந்தது. நன்றாகக் காய்ந்து, மெத்தென்று இருந்தது. செண்ட் அதை மாட்டிக்கொண்டு தொட்டியின் மேல் குனிந்தான்.

கதவுதான், என்று அவன் மனசுக்குள் பந்தயம் கட்டினான். கதவைச் சாத்தினார்கள் அல்லவா, அதுதான் விஷயம்.

"மேடம், வாசனை ஏறுது. பழைய காதலி பக்கத்துல வந்து உக்காந்துட்டா."

"ம்."

"இப்ப கல்யாணம் பண்ணிக்கோங்கிறா. தொண்டையில லேசா காரம். கண்ணு கரிக்குது. இன்ஸ்பெக்டர் சார், சாட்சிக் கையெழுத்து நீங்கதான் போடணும்."

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மேடத்தின் கையில் கயிறு இன்னொரு சுற்று சுற்றியது.

செண்ட் பேசினான். வீட்டு வாடகை பற்றி, தன் மூத்த மைத்துனரின் குறட்டை பற்றி, மேனேஜரின் சட்டை பற்றி. கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மலர்ந்தது.

"மேடம், நல்ல செய்தி! வாசனை போயிடுச்சு!"

"போயிடுச்சா?"

"சுத்தமா இல்ல. துடைச்சு விட்ட மாதிரி. காத்து நல்லா இருக்கு. கதவும் இல்ல, கதவுப் பிடியும் இல்ல. எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு மேடம். ஒரு கதை சொல்லட்டுமா? எங்க செண்ட் கடைக்கு ஒரு மாப்பிள்ளை வந்தான். தன் மாமியாருக்குப் பிடிக்காத வாசனை எதுன்னு கேட்டான். அதுக்கு எங்க முதலாளி சொன்னாரு…"

அவன் நின்றான். ஆயிரம் தரம் சொன்ன கதை. முதலாளி என்ன சொன்னார்? நாக்கு தடித்துப்போய் வாய்க்குள் புரண்டது.

"சொன்னாரு… முதலாளி… மாமியாரு…"

"வாசனை போகலடா," என்றார் மேடம். "உன் மூக்கு போயிடுச்சு! சார், பிடிங்க!"

கயிறு சுண்டியது. செண்ட் பின்னால் சாய்ந்து இன்ஸ்பெக்டரின் மேல் விழுந்தான். இருவருமாகக் கதவைத் தள்ளித் திறந்து அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். வெயில் முகத்தில் அடித்தது. வானம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தலைக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள்.

"பேசு," என்றார் மேடம். குரல் நடுங்கியது. அந்தக் குரலில் அவன் அதுவரை நடுக்கத்தைக் கேட்டதில்லை.

"சம்பளம்… ஏத்திக் குடுங்க."

"பிழைச்சுக்கிட்டான்," என்று இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

மேடம் ஆட்களை எல்லாம் வெளியே வரச் சொன்னார். கதவுகளை விரியத் திறந்து காற்று போகவிட்டார். பிறகு வாசலில் நின்றபடி இன்ஸ்பெக்டரையும் மேனேஜரையும் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். செண்ட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

தொட்டியின் பின் விளிம்பில், அந்த நீண்ட பிளவின் மேல், ஈரக் கையுறைகள் வரிசையாகப் படுத்திருந்தன. காயப்போட்டிருந்தார்கள். விசிறியின் இழுப்பில் ஒவ்வொன்றும் பிளவோடு ஒட்டி, வாயைப் பொத்தின கை போல அதை அடைத்துக்கொண்டிருந்தது.

மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். டிஷ்யூ காகிதத்தை நீட்டினார். அது தொங்கியது, அசையவில்லை. கையுறைகளை வாரி எடுத்தார். காகிதம் பச்சக்கென்று பறந்து ஒட்டியது. தொட்டி மூடியை இழுத்துப் போட்டுவிட்டு, வெளியே வந்து கையுறைகளை வாசலில் போட்டார்.

"இந்த மருந்து ஆவி காத்தைவிட கனம். தொட்டிக்கு மேலேயே தேங்கி நிக்கும். அதுக்குள்ள தலையைக் குடுத்து ஒருத்தர் பாதி நாள் வேலை பார்த்திருக்காரு. அதை சுவாசிச்சா மனுஷ உடம்பே அதைப் புகை வாயுவா மாத்திடும். ரத்தத்துல இருந்த புகைக்கு இன்ஜின் தேவையில்ல சார். அவர் உடம்பே அதைச் செஞ்சிருக்கு. காலையில பிளவு மேல கையுறை கிடக்காது, காத்து நல்லா இழுக்கும், அதனால பாட்டு. மத்தியானம் அங்க காயப்போட்டதும் தலைவலி. நிபுணர் வந்த அன்னிக்கு எல்லாத்தையும் ஒளிச்சு வெச்சுட்டாங்க. அதனால நல்ல காத்து."

"நாத்தம் தெரிஞ்சிருக்குமே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும். ஆனா அவங்க மூக்கும் இவன் மூக்கு மாதிரிதான். கொஞ்ச நேரத்துல செத்துடும். போயிடுச்சுன்னு நினைச்சு இன்னும் குனிவாங்க."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். ஸ்டேஷனுக்கு போன் செய்தார். டிரைவரை இங்கே கூட்டி வரச் சொன்னார். மேடம் ஆஸ்பத்திரிக்குப் பேசி டாக்டரிடம் மருந்தின் பெயரைச் சொன்னார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்கும் வரை.

"நான்தாங்க."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஈரக் கையுறை போட்டா அவருக்குக் கை வெடிக்கும். ராத்திரியெல்லாம் எரியுதும்பாரு. அந்த இடத்துல காத்து இழுக்குது, சீக்கிரம் காஞ்சிடும்னு நான்தான் அங்க போட ஆரம்பிச்சேன். அவருக்குப் போட்டேன். அப்புறம் எல்லாருக்கும் போட்டேன். எங்க அண்ணனை விட்டுடுங்க. என் பேரை எழுதிக்கோங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார். வழக்குக்கு ஒரு பெயர் வேண்டும். செண்ட்டுக்குத் தலைவலி மறந்துபோனது. துப்புத் துலங்கியதற்காக யாராவது வருத்தப்படுவார்களா? அவன் வருத்தப்பட்டான்.

"அண்ணன் தலையில இருந்து இறக்கி, தங்கச்சி தலையில வைக்கவா நான் வந்தேன்?" என்றார் மேடம். குரல் உயரவில்லை. அவர் மேனேஜரை நோக்கித் திரும்பினார். "தொட்டிக்குப் பின்னால அந்தத் தகரப் பெட்டியை மாட்டின அன்னிக்கு, இது எதுக்குன்னு இவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

மேனேஜர் கோப்பை மாரோடு அணைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க."

"அது… ஏதோ காத்து மெஷின்னு…"

"மேனேஜர் சார் ஒண்ணும் சொல்லலீங்க," என்றார் சுரண்டுகிறவர்களில் ஒருவர். "நாங்க கேட்டோம். உங்களுக்கு எதுக்கு, வேலையைப் பாருங்கன்னாரு."

"ஒரு வார்த்தை," என்றார் மேடம். "இதை அடைச்சா ஆள் செத்துடுவான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இந்தப் பொண்ணு அதுக்குக் காவல் நின்னிருப்பா. எழுதுங்க சார், இவர் பேரை."

இன்ஸ்பெக்டர் எழுதினார். கசங்காத சட்டை அந்த ஒரு நிமிடத்தில் கசங்கிப்போனது.

போலீஸ் வண்டியில் டிரைவர் வந்து இறங்கியபோது, தரையில் உட்கார்ந்திருந்த தங்கை நிமிரவில்லை. அவர் நேராக அவளிடம் வந்தார்.

"என் வண்டி இல்லையாம்மா? நிஜமாவா?"

"உன் வண்டி இல்லண்ணே. என் கையுறை."

அவர் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தார். "டாக்டர்கிட்ட வாய்யா, இந்த வேலையை விடுய்யான்னுதான் அன்னிக்கு மாப்பிள்ளைகிட்ட சண்டை போட்டேன். சாயங்காலம் ஆளைத் தூக்கிக்கிட்டாவது போகணும்னு காத்துக்கிட்டிருந்தேன். பேட்டரி வீக்கு, அணைச்சா மறுபடி கிளம்பாதுன்னுதான் இன்ஜினை அணைக்கல. கடைசியில நானே கொன்னுட்டேனோன்னு ரெண்டு ராத்திரி…" அவரால் முடிக்க முடியவில்லை. "அந்த நினைப்பு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ அதை வெச்சுக்காதே. கீழே போட்டுடு."

அப்போதுதான் அவள் அழுதாள். யாருக்கு என்று இப்போது கேட்கவில்லை.

மேடத்தின் போன் அடித்தது. கேட்டுக்கொண்டு, "கண்ணு திறந்திருக்காராம்" என்று மட்டும் சொன்னார். அண்ணன் எழுந்து வண்டிச் சாவிக்காகப் பையைத் துழாவினார். சாவி இன்ஸ்பெக்டரிடம் இருந்தது.

தங்கை எழுந்தாள். காலடியில் மேடம் வாரிப்போட்ட கையுறைகள் ஈரமாகக் குவிந்து கிடந்தன. அவற்றை அள்ளிக்கொண்டு, எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள். செண்ட் இடுப்பில் இருந்த கயிற்றை அவிழ்த்தான். ஒரு முனையை வாசல் கம்பியில் கட்டினான், மறு முனையை எதிர்ச் சுவர் ஆணியில் கட்டினான். நடுவில் நல்ல வெயில் இருந்தது.

அவள் ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டாள். கடைசி ஜோடியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து போட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"உங்க முதலாளி அந்த மாப்பிள்ளைகிட்ட என்னங்க சொன்னாரு?"

கதையின் முடிவு அவனுக்கு இப்போது நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போற வழியில சொல்றேன்மா," என்றான் செண்ட். "உங்க வீட்டுக்காரரும் கேக்கட்டும்."